பெத்னல் கிரீன்: நிலத்தடி நூலகமும் 19 படிகளும்

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்கள் காட்டிய மனவுறுதியைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்குப் படுக்கையும் பாலும் புத்தகமும் ஏற்பாடு செய்த உள்ளூர் நிர்வாகங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியான பெத்னல் கிரீனை எடுத்துக்கொள்வோம்.

1940 செப்டம்பர் 7 அன்று தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. முதல் நாளிலேயே அப்பகுதியின் பொது நூலகம் தாக்குண்டது. சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் தஞ்சம் புகுவதை அரசு முதலில் விரும்பவில்லை. சனங்களோ பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். அரசு பிறகுதான் இணங்கியது. பெத்னல் கிரீன் நிலையம் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை, ரயிலும் ஓடவில்லை. அங்கே 5000 பேருக்கு அடுக்குப் படுக்கைகள் போடப்பட்டன. சிற்றுண்டிச்சாலை, மருத்துவ அறை, குழந்தைகள் காப்பகம், நாடக மேடை எல்லாம் வந்தன. தண்டவாளத்துக்கென விடப்பட்ட பள்ளத்தைப் பலகைகளால் மூடி, அதன்மேல் 4000 நூல்களோடு ஒரு கிளை நூலகத்தையும் நூலகர்கள் அமைத்தார்கள். தூங்கப் போகுமுன் பிள்ளைகள் வரிசையில் நின்று புத்தகம் வாங்கினார்கள். நமக்கு இதில் தனிச் சாய்வு உண்டு என்பதை மறைப்பானேன்!

இத்தனையும் கொண்ட இடத்துக்கு ஒரே ஒரு வாயில். அதன் தடுப்பு வலுவற்றது, மாற்றிக் கட்ட வேண்டும் என்று 1941-இல் நகராட்சி மேலதிகாரிகளுக்கு எழுதியது. வீண்செலவு என்று பதில் வந்தது.

1943 மார்ச் 3, இரவு 8.17-க்கு அபாயச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் சீறின. குண்டு விழுகிறதென்று அஞ்சிய கூட்டம் வாயிலை நோக்கி நெருக்கியது. மங்கிய ஒற்றை விளக்கு; நடுவே கைப்பிடி இல்லை. 19 படிகளின் அடிப்பகுதியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இடறி விழ, பின்னால் வந்தோர் அடுக்கடுக்காய்ச் சரிந்தனர். மூச்சுத் திணறி 173 பேர் மாண்டார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

எதிரிக்குத் தெரியக்கூடாதென்று விசாரணை அறிக்கை 1945 வரை வெளியிடப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் யூதர்கள்மீது வதந்தி கிளம்பியது. எழுதிக் கேட்டும் மறுக்கப்பட்ட அந்த நகராட்சியின் தலையிலேயே பழியும் விழுந்தது. கைப்பிடிகள் விபத்துக்குப் பிறகு உடனே பொருத்தப்பட்டன.