பச்சைத் தண்ணீரும் கழன்ற ஒயரும்

காரை எடுத்த பிறகு, அது நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை. ஒருநாள் காலையில் என் மனைவிதான் சொன்னாள்: “கார் நின்ன இடத்துல பச்சையா ஏதோ சிந்திக் கிடக்கு, பாருங்க.”

கூலன்ட்! எஞ்சின் கொதிக்காமல் காப்பாற்றுகிற அந்தக் கலர் தண்ணீர்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி மெஷின் எல்லாம் உண்டு. பானெட்டைத் திறந்து ஐந்தே நிமிடம் பார்த்தார்கள். “ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார். ஹெட்டை இறக்கணும். ரேடியேட்டரையும் மாத்திட்டா நல்லது. கையோட வாட்டர் பாடியும் போட்டுடலாம்.” எஸ்டிமேட் 46,500 ரூபாய்.

நான் பி.காம். எது டெபிட், எது கிரெடிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹெட் கேஸ்கட் என்றால்..? “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று கௌரவமாகத் தப்பித்து வந்துவிட்டேன். (வீட்டில் மட்டும் யாருக்குத் தெரியுமாம்!)

அந்தக் கதை என்ன ஆயிற்று என்பது கடைசியில். வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. நம் பொருள், நம் பணம். ஆனால், அதற்கு என்ன வியாதி என்று நமக்குத் தெரியாது. வைத்தியம் செய்து காசு வாங்குகிறவரே வியாதியையும் சொல்கிறார். இந்த வினோதமான ஏற்பாடு எப்போது ஆரம்பித்தது?

1888-க்குப் போவோம். ஜெர்மனி. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாங்கத்தான் ஆளில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! சுமார் 100 கிலோமீட்டர். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் அதுதான்.

அந்த வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெர்தாவும் மகன்களும் ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, பெர்தா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்பு தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்துக்கொண்டார். டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. எஸ்டிமேட் தர ஆளும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை.

அப்புறம் வந்தார் வில்ஹெல்ம் மேபாக். 1900-ல் ‘மெர்சிடிஸ் 35 ஹெச்.பி.’ என்ற காருக்காகத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிச் சதுரக் குழாய்கள். காற்று குழாய்களுக்குள் புகுந்து போகும். வெளியே சுற்றி ஓடும் தண்ணீர் ஆறும். ஆறின தண்ணீர் மறுபடி எஞ்சினுக்குப் போகும். ஒன்பது லிட்டர் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றியது. ஓடையைத் தேடி ஓட வேண்டியதில்லை. 1920-களின் பிற்பகுதியில் எத்திலின் கிளைக்கால் கலந்த திரவம் கடைக்கு வந்தது. பனியில் உறையாது, ஆல்கஹால் மாதிரி சீக்கிரம் ஆவியாகவும் செய்யாது. பின்னாலேயே அழுத்த மூடி வந்தது. பிரஷர் குக்கரில் வெயிட் போடுகிற அதே சூட்சுமம்தான். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும்.

அமைப்பு மேம்பட மேம்பட, அது நம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போனது. பெர்தா காலத்தில் தண்ணீர் குறைந்தால் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது குறைந்தால் ஹோஸா, கிளிப்பா, மூடியா, பம்ப்பா, ரேடியேட்டரா, ஹெட் கேஸ்கட்டா என்று பட்டிமன்றமே நடத்தலாம். இதில் கிளிப் சில பத்து ரூபாய் சமாசாரம். ஹெட் கேஸ்கட் பல ஆயிரம். தரையில் சொட்டுகிற தண்ணீரோ எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை!

இந்த இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தது ஒரு பத்திரிகை. 1941-ல் அமெரிக்காவின் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ ஒரு விஷமமான காரியம் செய்தது. நல்ல நிலையில் இருந்த ஒரு காரில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் ஏற்றி, நாடு முழுக்க அனுப்பியது. அப்போது இருந்த 48 மாநிலங்களிலும் சுற்றினார்கள். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பை நெருங்கும்போதும் எஞ்சினில் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, “வண்டி சரியா ஓடலை... என்னன்னு பாருங்களேன்” என்று அப்பாவியாகப் போய் நிற்பார்கள். பானெட்டைத் திறந்தாலே கண்ணில் படுகிற ஒயர். மறுபடி சொருகினால் வேலை முடிந்தது.

மொத்தம் 347 ஒர்க்‌ஷாப்கள். அதில் 129 இடங்களில் உடனே கண்டுபிடித்து, காசே வாங்காமலோ, ஏதோ சொற்பமாக வாங்கிக்கொண்டோ சொருகி அனுப்பினார்கள். மீதி 218 இடங்களில்? ஒன்றுமில்லாத வியாதிக்குப் பெயர் வைத்தார்கள், தேவையில்லாத வேலை செய்தார்கள், செய்யாத வேலைக்கும் பில் போட்டார்கள். நூற்றுக்கு 63!

அத்தோடு விட்டார்களா? ரேடியோவை எடுத்துக்கொண்டு ரேடியோ கடை, கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வாட்ச் கடை என்று ஏறி இறங்கினார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர்களும் கிட்டத்தட்ட கார் மெக்கானிக்குகளுக்குச் சமமாக வந்தார்கள். வாட்ச் கடைக்காரர்கள் கொஞ்சம் யோக்கியம், பாதிக்குப் பாதி. இதைத் தொகுத்து எழுதிய ரோஜர் வில்லியம் ரீஸ் யார் தெரியுமா? நியூயார்க் சேரிகளைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டிய ஜேக்கப் ரீஸின் மகன். அப்பா காமிராவைத் தூக்கினார், பையன் ஒயரைக் கழற்றினார்.

நான் இந்தக் கணக்கைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர், “பார்த்தீங்களா, எல்லாரும் திருடங்க!” என்று துள்ளினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் பேர் தெரியாத, திரும்பி வரவே போகாத ஒரு வாடிக்கையாளரிடம்கூட அந்த 129 பேர் நியாயமாக நடந்துகொண்டார்களே! சிக்கல் என்னவென்றால், 129-ல் ஒருவர் யார், 218-ல் ஒருவர் யார் என்று வாசலில் நிற்கிற நமக்குத் தெரியாது.

எங்கள் காமர்ஸ் வாத்தியார்கள் சொல்லித் தராத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 1973-ல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாம்பழம் வாங்கினால், சாப்பிட்ட பிறகாவது புளிப்பா இனிப்பா என்று தெரிந்துவிடும். சில சரக்குகள் அப்படியல்ல. பணம் கொடுத்து, அனுபவித்து முடித்த பிறகும் அது தேவைதானா என்று தெரியவே தெரியாது. நம்பித்தான் ஆகவேண்டும். கார் ரிப்பேர் அந்த ஜாதி. கேஸ்கட்டை மாற்றினார்கள், லீக் நின்றது. கேஸ்கட்டால் நின்றதா, அதை மாற்றும்போது கூடவே இறுக்கிய கிளிப்பால் நின்றதா? ஆண்டவனுக்கே வெளிச்சம்!

இதற்கு மருந்தாக கலிஃபோர்னியா மாநிலம் 1971-லேயே ஒரு சட்டம் போட்டது. வேலையைத் தொடும் முன் எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும். அதைத் தாண்டிச் செலவானால் மறுபடி வாடிக்கையாளரிடம் சம்மதம் வாங்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. வாடிக்கையாளர் முன்கூட்டியே கேட்டிருந்தால், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். ‘மாத்திட்டோம் சார்’ என்று வாயால் சொன்னால் போதாது!

இதைக் கண்காணிக்க வந்த அரசு அலுவலகம், 1990-களின் தொடக்கத்தில் பழைய ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ வித்தையையே தூசு தட்டி எடுத்தது. மாறுவேடத்தில் கார்களை அனுப்பியது. மாட்டியது தெருமுனை ஷெட் அல்ல. ‘சியர்ஸ்’ என்ற பிரம்மாண்ட கடைத்தொடரின் கார் சர்வீஸ் பிரிவு. 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலை தலையில் கட்டப்பட்டதாக 1992 ஜூனில் குற்றம்சாட்டியது அரசு. விசாரித்தால், விற்பனை இலக்கும் கமிஷனும்தான் மூலகாரணமாக வெளியே வந்தது. ‘இத்தனை பிரேக், இத்தனை ஷாக் அப்சார்பர் விற்றாக வேண்டும்’ என்று ஊழியர் கழுத்தில் கத்தி இருந்தால், அவர் கண்ணுக்கு எல்லா பிரேக்கும் தேய்ந்துதானே தெரியும்? நிறுவனத் தலைவரே முன்வந்து, அந்த ஊக்கத்தொகை ஏற்பாட்டினால் தவறு நடக்கும் சூழல் உருவாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, அதைக் கைவிட்டார்.

கூலன்ட்டுக்குத் திரும்புவோம். மெக்கானிக் யோக்கியராகவே இருந்து, ஹெட் கேஸ்கட் மாதிரி பெரிய செலவு நிஜமாகவே வந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டெக்ஸ்-கூல்’ என்ற ஆரஞ்சு நிற கூலன்ட்டை அறிமுகம் செய்தது. ஐந்து வருடம் மாற்றவே வேண்டாம் என்றார்கள். சில வருடங்களில் புகார்கள் குவிந்தன. எஞ்சினின் மானிஃபோல்டு கேஸ்கட் அரித்து லீக் ஆகிறது, உள்ளே துரு நிறத்தில் சேறு கட்டுகிறது என்றார்கள் சொந்தக்காரர்கள். கூலன்ட் மட்டம் குறைய விட்டுக் காற்று புகுந்ததுதான் காரணம் என்றது கம்பெனி தரப்பு. வழக்குகள் நடந்தன. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2008-ல் சமரசத்துக்கு வந்தது கம்பெனி. தகுதியுள்ளவர்களுக்கு 50 முதல் 800 டாலர் வரை. இதில் ஜெயித்தது யார் என்கிறீர்கள்? ரிப்பேர் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்!

சரி, என் 46,500 ரூபாய்?

அடுத்த நாள் எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். “எஞ்சின் ஆறட்டும் சார், சூட்டோட மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்” என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். அப்புறம் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில், சைக்கிள் பம்ப் மாதிரி கடிகாரமுள் வைத்த ஒரு கருவியை மாட்டிக் காற்றடித்தார். முள் 15-ல் போய் நின்றது. கேஸ்கட் போயிருந்தால் வேறு அடையாளங்கள் உண்டாம். எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி ஆகும், சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை வரும். ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். சுத்தமான ஆயில்.

முள் மெதுவாக இறங்கியது. குனிந்து பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் முனையில் விரிசல். அங்கே ஒரு பச்சைச் சொட்டு உருண்டு, தொங்கி, விழுந்தது. ஹோஸ், இரண்டு கிளிப், குறைந்த கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய்.

ஒரு நப்பாசை. கண்ணாடிக் கதவு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். “ஹெட் கேஸ்கட்டுன்னு சொன்னீங்களே, பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?”

“அதெல்லாம் தேவையில்லை சார். எக்ஸ்பீரியன்ஸ்லயே தெரிஞ்சுடும். எப்ப வண்டியை விடறீங்க?”