நேராக்கப்பட்ட முடியும் நேராகாத வரலாறும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைமுடி வரலாறு வழக்கமாக ஒரு விடுதலைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அடிமைக் காலத்தில் அவர்கள் முடியைக் கேவலப்படுத்தினார்கள். அந்தக் கேவலத்தை நம்பி அவர்களே முடியை நேராக்கிக்கொண்டார்கள். 1960களில் விழித்துக்கொண்டு ஆஃப்ரோ வளர்த்தார்கள். முடிந்தது கதை. இதில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒரு சங்கதிக்கு இதற்குள் இடமே இல்லை. ரசாயனத்தால் நேராக்கிய முடியை விட்டுத் தன் சுருள்முடிக்குத் திரும்புகிற பெண் ஒன்றிரண்டு வருஷம் இரண்டு விதமான முடியோடும் நடமாட வேண்டியிருக்கிறது. அந்த இடைக்காலத்திலிருந்து வரலாற்றைப் படித்தால் வேறு கேள்விகள் எழுகின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ‘ரிலாக்ஸர்’ என்ற களிம்பின் பழைய, வலுவான வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. நம்மூரில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் காஸ்டிக் சோடா என்பார்களே, அதேதான். சுருளைத் தாங்கி நிற்பது முடியின் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். களிம்பு அவற்றை உடைக்கிறது. உடைந்தது உடைந்ததுதான், எத்தனை முறை அலசினாலும் பழைய சுருள் திரும்பாது. வேர் மட்டும் இதையெல்லாம் கேட்பதில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வீதம் சுருள்முடியையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மறுபடியும் களிம்பு. மண்டை எரியுதுன்னு சொன்னா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ என்ற பதில்தான்.

போதும் என்று முடிவெடுத்தவளுக்கு இரண்டு வழிகள். நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டியெறிந்துவிட்டு ஓரிரு அங்குலச் சுருளோடு வெளியே வருவது ஒன்று. வளர வளர நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வருவது மற்றொன்று. தோள்வரை முடி வேண்டுமென்றால் இரண்டாவது வழிக்கு இரண்டு வருஷமாவது ஆகும். சுருளும் நேரும் சந்திக்கிற கோட்டில்தான் முடி எளிதில் ஒடியும்.

இந்த முடியின் மீது அதிகாரம் கைவைத்த கதை நீண்டது. லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1786இல், சுதந்திரம் பெற்ற கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆளுநர் மிரோ உத்தரவிட்டார். அவர்கள் விலையுயர்ந்த துணிகளை விதவிதமாகக் கட்டி அதையே அலங்காரமாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனி மலோன், மேடம் சி.ஜே. வாக்கர் (1867-1919) ஆகிய இரு கறுப்பினப் பெண்கள் கூந்தல் பராமரிப்பைப் பெரும் தொழிலாக வளர்த்தார்கள். வாக்கர் துணி வெளுத்துப் பிழைத்தவர். வெள்ளையர் வீட்டுச் சமையலும் சலவையும் தவிர வேறு வேலை கிடைக்காத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தத் தொழில் சொந்த வருமானத்தைத் தந்தது. இதை வெறும் சுயவெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் (1965) காரம், முட்டை, உருளைக்கிழங்கு கலந்த குழம்பால் முதல்முறை முடியை நேராக்கிக்கொண்டதைத் தன்னை இழிவுபடுத்திக்கொண்ட செயலாகவே எழுதுகிறார். பெல் ஹூக்ஸ் 1988இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு பக்கம் தெரிகிறது. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பைச் சுற்றிச் சமையலறையில் கூடிய பெண்கள், அவர்களுடைய பேச்சு, நெருக்கம். நேராக்குவதை அவரும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சமையலறையை இழந்ததையும் இழப்பாகவே கணக்கில் வைக்கிறார். ஆண் ஒருவர் சுயசரிதையில் ஒரே அத்தியாயத்தில் தாண்டிவிட்டதைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தலையில் சுமந்திருக்கிறார்கள்.

சரி, ஆஃப்ரோவாவது தூய்மையான மீட்சியா? ஜார்ஜ் ஜான்சன் 1954இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் முடியை நேராக்கும் களிம்பை விற்று வளர்ந்தது. காலம் மாறியதும் அதே நிறுவனம் ‘ஆஃப்ரோ ஷீன்’ விற்றது. விடுதலையையும் சந்தை பாட்டிலில் அடைத்துவிட்டது. ஆஃப்ரோவும் தானாக நிற்பதில்லை, அதற்கென்று நீண்ட பல் வைத்த சீப்பால் கோதிக் கோதி நிறுத்தப்படுவதுதான் என்று கோபெனா மெர்சர் 1987இல் வாதிட்டார். ‘இயற்கை’ என்பதும் ஒரு கட்டமைப்பு என்பது அவர் தரப்பு. ஏஞ்சலா டேவிஸ் 1970இல் தேடப்பட்டபோது, அவரைப் போல ஆஃப்ரோ வைத்திருந்த எத்தனையோ பெண்களைப் போலீஸ் மறித்துத் தொல்லை கொடுத்தது. 1994இல் அவரே எழுதினார்: அந்த அரசியல் மறந்துபோய்த் தான் ஒரு சிகையலங்காரமாக மட்டும் நினைவுகூரப்படுவதாக.

‘இயற்கை’ என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பது நீதிமன்றத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. ஆஃப்ரோவுக்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகச் சொன்ன பெண்ணின் புகாரை இனப்பாகுபாட்டுப் புகாராக 1976இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1981இல் ரெனீ ரோஜர்ஸ் என்ற விமானநிலைய ஊழியர், மண்டையோடு ஒட்டிப் பின்னும் வரிப்பின்னலுக்குத் தடை கூடாது என்று வழக்காடியபோது நியூயார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆஃப்ரோ இயற்கையாக வளர்வது, பின்னல் செயற்கை, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் தர்க்கம். 2016இல் சடைமுடிக்காக வேலை மறுக்கப்பட்ட பெண்ணின் வழக்கிலும் இதே தர்க்கம்தான் வென்றது. கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்று பாண்டியன் சபையில் நக்கீரர் வாதாடினாரே, அங்கேயும் கூந்தலுக்குரியவளை யாரும் கேட்கவில்லை. 2019இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த ‘கிரவுன்’ சட்டம்தான் பின்னலையும் சடையையும் பெயர் சொல்லிப் பாதுகாத்த முதல் மாநிலச் சட்டம். பிறகு இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் நின்றுபோனது.

இப்போது இடைக்காலப் பெண்ணிடம் திரும்புவோம். பாதி சுருள், பாதி நேர் என்றிருக்கும் தலையோடு அலுவலகம் போக வேண்டும். அதனால் பலர் முடியைப் பின்னிச் சேர்த்து, மேலே விக்கோ ஒட்டுமுடியோ வைத்துக்கொள்கிறார்கள். அந்த முடியில் ஒரு பகுதி நம் பக்கத்திலிருந்து போகிறது. திருமலையில் காணிக்கையாக இறக்கப்படும் முடி ஏலம் போய், சுத்தமாகித் தரம் பிரிந்து கப்பலேறுகிறது. கிறிஸ் ராக்கின் ‘குட் ஹேர்’ (2009) ஆவணப்படம் இந்தப் பாதையைக் காட்டுகிறது. வேண்டுதலுக்காக மொட்டையடித்துக்கொண்ட பெண்ணுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தன் முடிக்குத் திரும்புகிறவள் அதுவரை இன்னொரு ஏழைப் பெண்ணின் முடிக்குக் கீழே காத்திருக்கிறாள்.

இதையெல்லாம் வெறும் அழகுப் பிரச்சினை என்று சொல்ல இனி முடியாது. 33,497 அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று அது மதிப்பிட்டது. இது காரணத்தை நிரூபிப்பதாகாது, தொடர்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பயன்படுத்தியவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினப் பெண்கள். ‘ஒழுங்காக’ வேலைக்கு வா என்ற உத்தரவின் விலையை யார் உடல் கொடுத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே களிம்பை விட்டவளைப் போராளி என்றும் விடாதவளை அடிமை என்றும் பிரித்துவைப்பது சுலபம். அதனால் யாருக்கும் பயனில்லை. சுருளோ நேரோ பின்னலோ, எதை வைத்துக்கொண்டு போனாலும் சம்பளம் குறையாது என்ற நிலை வந்த பிறகுதான் அவளுடைய தேர்வைத் தேர்வு என்று சொல்ல முடியும். அதுவரை கேள்வி கேட்க வேண்டியது வேலை கொடுக்கிறவனை. அவள் தலையை அல்ல.