மார்பகப் புற்றுநோய் இறப்பு: ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்? புள்ளிவிவரங்கள் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: கேரள மாநிலம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞம் கடற்கரைக்கும் பாலராமபுரத்துக்கும் இடையே அமைந்துள்ளது கோட்டுகால் ஊராட்சி. இவ்வூரை உள்ளடக்கிய திருவனந்தபுரம் மாவட்டத்தில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களில் 100 பேருக்கு 69 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிருடன் உள்ளனர். அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட் பகுதியில் இந்த எண்ணிக்கை 42 மட்டுமே. நோய் ஒன்று, மருத்துவ நூல்களும் ஒன்று. ஆனால் பிழைத்திருப்போர் எண்ணிக்கையில் நூற்றுக்கு 27 பேர் வேறுபாடு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ் வரும் 11 பகுதிகளில், 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,331 பெண்களைப் பின்தொடர்ந்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வு இந்த விவரங்களை 2024ஆம் ஆண்டு வெளியிட்டது. 11 பகுதிகளையும் சேர்த்து ஐந்தாண்டு உயிர்வாழ்வு 66.4 சதவீதம். மிசோரம் 74.9 சதவீதத்துடன் முதலிடத்தில் உள்ளது. அகமதாபாத் நகரம் 72.7, கொல்லம் 71.5, திருவனந்தபுரம் 69.1 சதவீதம் என அடுத்தடுத்த இடங்களைப் பெற்றுள்ளன. மலைப்பாங்கான மிசோரம் முதலிடத்திலும், அதே வடகிழக்கைச் சேர்ந்த பாசிகாட் கடைசி இடத்திலும் இருப்பதால், தொலைவு ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிவிட இயலாது.

நோய் அதிகம் என்றால் இறப்பும் அதிகமா?

மார்பகப் புற்றுநோய் குறித்த செய்திகளில் இரு விகிதங்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்பது நிகழ்வு விகிதம். அதே ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் அந்நோயால் இறக்கின்றனர் என்பது இறப்பு விகிதம். முதியோர் மிகுந்த ஊரையும் இளையோர் மிகுந்த ஊரையும் நேராக ஒப்பிட முடியாது என்பதால், இரண்டும் ஒரு பொதுவான வயதுக் கட்டமைப்புக்கு ஏற்பச் சீராக்கப்பட்ட பிறகே ஒப்பிடப்படுகின்றன. முதியோர் விகிதம் கூடுதலாக உள்ள கேரளத்துக்கு இந்தச் சீராக்கம் மிகவும் அவசியம்.

இவ்வாறு சீராக்கிப் பார்த்தால், 2009-2011 கால அளவில் டெல்லியில் ஒரு லட்சம் பெண்களுக்கு 41, சென்னையில் 37.9, பெங்களூருவில் 34.4, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 33.7 என நிகழ்வு விகிதம் பதிவானது. கிராமப்புறப் பதிவேடுகளில் இது கணிசமாகக் குறைவு. தாமதமான முதல் மகப்பேறு, குறைவான பிள்ளைகள், தாய்ப்பாலூட்டும் காலம் சுருங்கியது, உடல் பருமன், உழைப்புக் குறைவு ஆகியன நகரங்களில் நோய் கூடுவதற்கான காரணங்களாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவை. 1990 முதல் 2016 வரை இந்தியாவில் வயது சீராக்கிய நிகழ்வு விகிதம் 39.1 சதவீதம் உயர்ந்தது என்றும், உயராத மாநிலம் ஒன்றுகூட இல்லை என்றும் 2018ஆம் ஆண்டு 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதே காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்கிறது.

ஆனால் நோய் அதிகமுள்ள இடமே இறப்பு அதிகமுள்ள இடம் என்று கருதினால் அது பெரும்பாலும் தவறாகவே முடியும். உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, மனிதவள மேம்பாட்டில் மிக உயர்ந்த நிலையிலுள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் இறக்கிறார். மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள நாடுகளில் 27 பேரில் ஒருவருக்கே நோய் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைந்த இடத்தில் சாவு கூடுதல்.

இந்தியா இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,92,020 பெண்களுக்குப் புதிதாக நோய் ஏற்பட்டது. 98,337 பேர் இறந்தனர். அதாவது இரண்டு புதிய நோயாளிகளுக்கு ஓர் இறப்பு. உலக அளவில் சுமார் 23 லட்சம் பேருக்கு நோய், 6.7 லட்சம் இறப்பு. இது பத்துக்கு மூன்று என்ற அளவு. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 3,10,720 நோயாளிகள், 42,250 இறப்புகள்; ஏழுக்கு ஒன்று.

(ஒரே ஆண்டின் இறப்புகளை அதே ஆண்டின் புதிய நோயாளிகளோடு ஒப்பிடும் இக்கணக்கு, நோயாளி ஒருவரின் பிழைப்பு வாய்ப்பைக் காட்டுவதல்ல. இறந்தவர்களில் பலர் முந்தைய ஆண்டுகளில் நோய் கண்டறியப்பட்டவர்கள். இரண்டில் ஒருவர் இறப்பார் என்று இதனைப் படிப்பது தேவையற்ற அச்சத்தையே தரும்.)

ஐயத்துக்குரிய எண்கள்

இந்தியாவுக்குள் இறப்பு விகிதங்களை ஒப்பிடுவதில் மற்றொரு சிக்கல் உண்டு. புதிய நோயாளிகளுக்கு இறப்புகள் எத்தனை சதவீதம் என்ற கணக்கில், கிராமப்புறப் பதிவேடு ஒன்றில் 66 சதவீதமும் நகரப் பதிவேடு ஒன்றில் 8 சதவீதமும் பதிவாகியுள்ளன. 8 சதவீதம் என்பது உலகின் செல்வமிக்க நாடுகளே எட்டாத அளவு. அங்கே மருத்துவம் அவ்வளவு சிறந்தது என்பதைவிட, அங்கே இறப்புகள் முழுமையாகப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

நாட்டில் 2020ஆம் ஆண்டு பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. வீட்டில் நிகழும் மரணங்களில் 'மாரடைப்பு', 'முதுமை' என்று எழுதப்படுவது வழக்கம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவி இறந்த பெண்ணின் மரணச் சான்றில் அந்நோயின் பெயரே இடம்பெறாமல் போகலாம். இதனால்தான் வல்லுநர்கள் இறப்பு விகிதத்தைவிட, நோயாளிகளை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்து கணக்கிடும் உயிர்வாழ்வு விகிதத்துக்குக் கூடுதல் மதிப்பளிக்கின்றனர்.

எந்தக் கட்டத்தில் கண்டறிவது?

மேற்கண்ட 11 பகுதி ஆய்வு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது. கட்டி மார்பகத்துக்குள் மட்டுமே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். அக்குள் நிணநீர்க் கணுக்கள் போன்ற அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியிருந்தால் 65.5 சதவீதம். உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் 18.3 சதவீதம் மட்டுமே. பகுதிகளுக்கு இடையேயான வேறுபாட்டில் பெரும்பங்கு, நோயாளிகள் எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் வந்தனர் என்பதில் அடங்கியிருக்கிறது.

தாமதத்துக்கு நோயின் இயல்பே முதற்காரணம். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததை நோயாகக் கருதி ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்வோர் குறைவு. மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி, தோல் குழிதல் அல்லது ஆரஞ்சுப் பழத் தோல்போல் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு ஆகியவை வலியின்றியும் தோன்றக்கூடியவை. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதும் உண்மை. ஆனால் அதனை முடிவுசெய்ய வேண்டியது பரிசோதனையே.

திருவனந்தபுரத்தில் நடந்த சோதனை

மேமோகிராம் கருவிகளைக் கிராமந்தோறும் கொண்டுசெல்ல இயலாத நாட்டில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைப் பரிசோதித்தால் பலன் கிடைக்குமா? இக்கேள்விக்கு விடைகாண உலகின் மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று கோட்டுகால் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடைபெற்றது. 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும் (ஆர்.சி.சி.) பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 2006 ஜனவரியில் இதனைத் தொடங்கின. 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்கள் 275 தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குக் கைப் பரிசோதனையும், மற்றவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதியும் வழங்கப்பட்டன.

2011ஆம் ஆண்டு வெளியான முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கையும் எச்சரிக்கையும் கலந்தவை. பரிசோதனை செய்துகொண்ட 50,366 பேரில் 2,880 பேருக்கு ஐயத்துக்குரிய அறிகுறிகள் இருந்தன. அவர்களில் 30 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது. தொடக்கநிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் பரிசோதனைக் குழுவில் ஒரு லட்சத்துக்கு 18.8, மற்றக் குழுவில் 8.1. இரு மடங்குக்கும் அதிகம். ஆனால் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் விகிதம் முறையே 19.6, 21.7 என அதிக வேறுபாடின்றி இருந்தது. கைப் பரிசோதனையின் உணர்திறன் 51.7 சதவீதமே, அதாவது இருந்த புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி அதற்குத் தப்பின. 'ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்ட பெண், பின்னர் கட்டி தென்பட்டால் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதுமானது.

இத்தகைய பரிசோதனையால் இறப்பு குறைந்ததா என்பதற்கு மும்பையிலிருந்து விடை கிடைத்தது. டாடா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டு தொடங்கி, 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கைப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில், மூன்றாம், நான்காம் நிலைகளில் கண்டறியப்பட்டோர் 47 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தனர். 2021ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் காணப்பட்ட 15 சதவீதக் குறைவு, புள்ளியியல்படி உறுதியானதாக இல்லை.

திட்டம் இருந்தும் வராதவர்கள்

30 முதல் 65 வயது வரையிலானோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை நடத்த மத்திய அரசு 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21), 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 0.9 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் 5.6 சதவீதம், கல்வியறிவில் முன்னணியில் உள்ள கேரளம் அதற்கும் கீழே இருந்தது. 2025 பிப்ரவரி 4 அன்று, உலகப் புற்றுநோய் நாளில், பெண்களுக்கான பரிசோதனைக்கு முன்னுரிமை தந்து கேரள அரசு மாநிலம் தழுவிய இயக்கமொன்றைத் தொடங்கியது.

அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டிலிருந்து இறப்பு விகிதம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்துள்ளது. மேமோகிராமும் மேம்பட்ட மருந்துகளும் இதில் பங்கு கொண்டவை. ஆயினும் அங்கே கருப்பினப் பெண்களுக்கு நோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தும், இறப்பு 38 சதவீதம் கூடுதல். வளர்ந்த நாட்டிலும் மருத்துவமும் காப்பீடும் யாருக்கு எட்டுகின்றன என்பது விகிதங்களில் வெளிப்படுகிறது.

மருந்துகளில் எல்லாமே விலையுயர்ந்தவை அல்ல. ஹார்மோன் ஏற்பிகள் கொண்ட கட்டி உள்ளவர்கள் ஐந்தாண்டுகள் டாமோக்சிஃபென் மாத்திரை எடுத்துக்கொண்டால் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல பத்தாண்டுகளாகக் குறைந்த விலையில் கிடைக்கும் மாத்திரை இது. ஆனால் கட்டி அத்தகையதா எனக் கண்டறியத் திசுப் பரிசோதனைக்கூடம் வேண்டும். மாத்திரையை ஐந்தாண்டுகள் இடைவிடாது உட்கொள்ளத் தொடர் கண்காணிப்பும் வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டு அறிவித்த இலக்குகளும் இதையொட்டியே அமைந்துள்ளன: நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை முதல் இரு நிலைகளிலேயே கண்டறிதல், அறிகுறியோடு வந்த 60 நாள்களுக்குள் நோயை உறுதிசெய்தல், 80 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தல். இறப்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம் குறைந்தால் 2040க்குள் 25 லட்சம் உயிர்கள் காக்கப்படும் என்பது அதன் கணக்கு.

எல்லையின் இருபுறமும்

கோட்டுகாலிலிருந்து ஆர்.சி.சி. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனையும், தெற்கே பாறசாலையில் வட்ட மருத்துவமனையும் உள்ளன. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலப் பிரிவினையில் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடு வட்டம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆயினும் குமரி மாவட்டப் பெண்கள் பலர் இன்றும் சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தையே நாடுகின்றனர். பாறசாலைப் பெண்ணுக்குக் கேரளத்தின் காருண்யா ஆரோக்கியப் பாதுகாப்புத் திட்டம். களியக்காவிளைப் பெண்ணுக்கு தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். எந்த அட்டை எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறிவது, பாதியில் சிகிச்சை தடைபடுவதைத் தவிர்க்க உதவும்.

பதிவேடுகள் நோயாளியை அவர் சிகிச்சை பெற்ற ஊரில் அல்ல, வசிக்கும் ஊரில்தான் கணக்கிடுகின்றன. எனவே களியக்காவிளைப் பெண் ஆர்.சி.சி.யில் குணமடைந்தாலும் திருவனந்தபுரத்தின் 69.1 சதவீதத்தில் அவர் இடம்பெறமாட்டார். அவரது விவரம் எல்லை கடந்து, 2012ஆம் ஆண்டு மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை வந்தடைய வேண்டும்.