எத்தனையாம் மாதத்தில் சொல்வது?

சேத்துப்பட்டு என்றால் சென்னைக்காரர்களுக்கு ஒரு ரயில் நிலையம். நான் சொல்லும் சேத்துப்பட்டு ஆரணிக்குத் தெற்கே இருக்கிறது. என் பெரியம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டார். பெரியப்பா குழித்தறியில் பட்டு நெய்தார். பட்டைச் சிக்கெடுப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, அவர் சாப்பிட எழுந்தால் தறியில் இறங்கி நெய்வது எல்லாம் பெரியம்மா. நான்கு பிள்ளைகள். நான்கு முறையும் வலி எடுக்கும்வரை ராட்டினத்தின் முன்னால்தான் இருந்ததாகச் சொல்வார்.

“முழுகாம இருக்கறத முதலாளிகிட்ட எப்ப சொல்லுவீங்க பெரிம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவருகிட்ட எதுக்குடி சொல்லணும்? அவரு நோட்டுல என் பேரே இல்லியே.”

பட்டும் ஜரிகையும் கொடுத்து, புடவைக்கு இவ்வளவு என்று கூலி எழுதும் அந்த நோட்டில் பெரியப்பா பெயர் மட்டும் இருந்தது. குழித்தறியில் உட்கார்ந்தால் நெய்த துணியைச் சுற்றும் மரம் வயிற்றுக்கு நேரே வரும். ஏழாம் மாதத்தில் தறி பெண்ணை வெளியே தள்ளிவிடும். அவள் ராட்டினத்துக்குப் போவாள். நோட்டில் அது தெரியாது. புடவை நாள் தள்ளி முடிந்தால் பெரியப்பாவுக்குத்தான் வசவு.

எப்போது சொல்வது என்று ஒரு பெண் யோசிக்கிறாள் என்றாலே அவள் பெயர் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலைக்கு வரவே நம் பெண்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். மறு ஆண்டு அது சட்டமானது. 1930களில் சென்னை மாகாணத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. வந்த கையோடு அதன் ஓட்டையையும் கண்டுகொண்டார்கள்: வயிறு தெரிந்ததும் ஆளை நிறுத்திவிட்டால் பணம் தரவேண்டியதில்லை. சேலையை இறக்கிக் கட்டி நாளைக் கடத்துவது ஆலைப் பெண்ணுக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

படித்த பெண்களின் கதையும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்பது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. நர்கீஸ் மிர்ஸா வழக்கில் 1981இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை மட்டும் அதே தீர்ப்பு விட்டுவைத்தது. பாடத்தில் அந்தப் பாதியைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது நீரா மாத்தூர் வழக்கு. எல்ஐசியில் உதவியாளர் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறியவர். 1989 மே மாதம் அவரிடம் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருக்கலைப்போ கருச்சிதைவோ உண்டா என்று அதில் கேள்விகள். நம் வீட்டில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோம். தலைமுழுக வேண்டிய நாள் தள்ளிப்போனதை வைத்துப் பிறந்த சொல். மாமியார் காலண்டரில் மனதுக்குள் குறித்துவைப்பதை இந்தப் படிவம் அச்சடித்துக் கேட்டது.

அவர் செப்டம்பரில் வேலையில் சேர்ந்தார். டிசம்பரில் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில், தகுதிகாண் காலம் முடியும் முன்பே, பணிநீக்கம். அவருடைய வேலையில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. படிவத்தில் தவறான தேதி கொடுத்துக் கர்ப்பத்தை மறைத்தார் என்பதுதான் நிறுவனத்தின் வாதம். டெல்லி உயர் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பெண்ணின் தன்மதிப்பைக் குலைக்கும் கேள்விகள் என்று அந்தப் பத்திகளையே படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது. அவர் சொன்னது பொய்யா மெய்யா என்பதில் சிக்கிக்கொள்ளாமல், கேள்வியே தவறு என்று பார்த்ததுதான் அந்தத் தீர்ப்பின் பெருமை.

ஆனாலும் கேள்வி போகவில்லை. 2021 டிசம்பர் கடைசியில் ஸ்டேட் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. புதிதாகத் தேர்வான பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’. குழந்தை பிறந்து நான்கு மாதத்துக்குள் வந்து சேரலாம். அதுவரை ஆறு மாதக் கர்ப்பம்வரை தடை இருக்கவில்லை. மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி முடிவதற்குள் வங்கி பின்வாங்கியது. அதே 2022 ஜூனில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதிகளில் 12 வாரம் என்ற இதே கோடு இருப்பது செய்தியானது. மறுபடி நோட்டீஸ், மறுபடி விளக்கம்.

இந்த 12 வாரம் நமக்குப் பழக்கமான கணக்கு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வேண்டுமானால் 12 வாரத்துக்குள் பதிவு செய் என்று கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார். அரசாங்கம் சீக்கிரம் சொல் என்று பணம் கொடுக்கிறது. வேலை கொடுப்பவர் அதே தேதியைத் தாண்டினால் போய்வா என்கிறார். நம் வழக்கத்தில் ஊரைக் கூட்டி வளையல் அடுக்குவது ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோதான். அதற்கு முன் கண் பட்டுவிடும் என்பார்கள். கண்ணேறு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கரு நிலைத்ததா என்று பார்க்காமல் ஊருக்குச் சொல்லாதே என்ற அந்த அவகாசத்தின் அருமை, ஒருமுறை மூன்றாம் மாதத்தில் இழந்தபோது தெரிந்தது. யாரிடமும் திரும்பப் போய் ‘இல்லை’ என்று சொல்லவேண்டி இருக்கவில்லை.

அடுத்த முறை நான் ஒரு கல்லூரியில் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தேன். ஜூனில் கையெழுத்து. அப்போது நான்காம் மாதம். மடிப்பு வைத்த பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றார்கள். முன்னாடியே சொல்லியிருந்தால் மேடமாக இருந்திருக்கமாட்டேன். இருந்தும் பொய் சொன்னவளைப்போல அந்த ஆண்டு முழுக்கக் கூசிக்கொண்டு நடந்தேன். இப்போது அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

1961 மகப்பேறு சட்டத்தைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். இன்ன மாதத்தில் முதலாளியிடம் சொல்லவேண்டும் என்று அதில் கெடு இருக்கவில்லை. விடுப்பு எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிக் கொடுக்கவேண்டி இருந்தது, அவ்வளவுதான். கர்ப்பக் காலத்தில் கொடுக்கத் தவறினால் பிரசவத்துக்குப் பிறகுகூடக் கொடுக்க முடிந்தது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது எல்லோருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது: ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே அவளுக்குரிய பேறுகாலப் பலன்களை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். முதலில் சொல்லவேண்டியவர் அவர்!

போன மாதம் சேத்துப்பட்டிலிருந்து ஒரு பழைய மாணவி கூப்பிட்டாள். தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பதினோராவது வாரம், வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“எப்ப சொல்லட்டும் மேடம்?”

“ஆர்டர் கைக்கு வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“அதுல பிரசவ லீவு பத்தி ஏதாவது போட்டிருக்காங்களா, பாரு.”

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை என்றாள். சேர்ந்த பிறகு அதைக் கேட்டு ஒரு மெயில் அனுப்பு, பதிலை எடுத்து வைத்துக்கொள், சொல்லும் நாளை நீ முடிவுசெய், சொல்லும்போது எழுத்தில் சொல் என்றேன். பஸ்ஸில் வாந்தி வருவதற்கு என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டாள்.