இலுப்பைப் பூவும் ஆலைச் சர்க்கரையும்: ஒரு பழமொழியின் மறுபாதி

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்னும் பழமொழி இன்று பெரும்பாலும் ஏளனமாகவே வழங்குகிறது. அரைகுறையாகக் கற்றவர் ஊருக்குள் மேதையாக மதிக்கப்பட்டாலோ, தேர்ந்த மருத்துவர் இல்லாத இடத்தில் கைவைத்தியர் கொடிகட்டிப் பறந்தாலோ இதைச் சொல்லி உதட்டைப் பிதுக்குகிறோம். இப்பொருள் தவறன்று, ஆனால் பாதிதான். குறையுள்ள ஒன்றைக் குறையென்று அறிந்தே ஏற்றுப் பயன்கொள்ளும் உழவர் அறிவு இதன் மறுபாதி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழமொழியின் பொருளைத் தேடுமுன் அது பேசும் பொருள்களைப் பார்க்க வேண்டும். ஆலை என்பது கரும்பாலை. கரும்புக்கு நன்செய் வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு நீர் பாய்ச்ச வேண்டும். சாறு பிழிய எந்திரமும் மாடும், காய்ச்சக் கொப்பரையும் விறகும் வேண்டும். கரும்பாலையின் ஓயாத ஓசையையும் புகையையும் பெரும்பாணாற்றுப்படை பதிவு செய்திருக்கிறது. ஆலை இருக்கும் ஊர் என்றால் நீரும் முதலும் உள்ள ஊர் என்றே பொருள்.

இலுப்பைக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. மானாவாரி மண்ணில் நின்று, கோடைத் தொடக்கத்தில் பூக்கும். சதைப்பற்றுள்ள வெளிறிய பூக்கள் இரவில் தாமாக உதிரும். விடியலில் பொறுக்கி வெயிலில் உலர்த்தினால் உலர்ந்த திராட்சைபோல் பழுப்பு நிறமாக மாறும். உலர்ந்த பூவின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஆனால் அதில் பெரும்பங்கு குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஆதலால் கரும்புச் சாறுபோல் எளிதில் கட்டியாக இறுகாது, பாகாகவே நிற்கும். கூடவே ஒருவகைக் கார வாடையும் உண்டு. பூவின் இனிப்பு எவ்வளவு மெய்யோ, அதன் குறையும் அவ்வளவு மெய். இரண்டையும் நாவால் அறிந்தவர்களே இப்பழமொழியைச் சொல்லியிருக்க முடியும்.

இவ்வறிவு பழமையானது. அகநானூற்றின் 331ஆம் பாடலில், கரடிகள் தின்று எஞ்சிய இருப்பைப் பூக்களை மூங்கிற் குழாய்களில் சேர்த்து, குன்றத்துச் சிற்றூரின் தெருத்தோறும் பெண்கள் திரிகிறார்கள். இருப்பை என்பது இலுப்பையே. விலங்கு உண்ட மிச்சம் அங்கே இழிவாகப் பேசப்படவில்லை. வன்புலத்தாரின் உணவாக, பண்டமாகவே வருகிறது. ஆகவே 'ஆலையில்லா ஊர்' என்பதில் உள்ள இல்லாமை, ஊருக்கு நீரும் முதலும் வாய்க்காமையே. அதைப் பூவின் தலையில் சுமத்துவது முறையாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: ஏளனப் பொருளே வழக்கில் வேரூன்றியிருக்க, மூலப்பொருள் வேறென்று கொள்வது வலிந்துரை ஆகாதா? ஏளனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏளனத்துக்குள்ளேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது. இலுப்பைப் பூ சர்க்கரைக்கு ஈடாகாது என்று சொல்லும் அதே வாக்கு, அந்த ஊரில் அதுவே சர்க்கரையாகப் பயன்படுகிறது என்றும் ஒப்புகிறது. கைவைத்தியரைக் கேலி செய்பவரும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

குறை பற்றிய பிற பழமொழிகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை துலங்கும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது பெரியவரின் பிழையைப் பொறுக்கிறது. பெருமை முன்பே நிலைபெற்றுவிட்டதால் அந்தப் பொறுமை எளிது. இலுப்பைப் பூவுக்கு அத்தகைய பெருமை இல்லை. எளியதை அதன் குறையோடு ஏற்று, தேவையறிந்து இடம் தருகிறது இப்பழமொழி. அவ்வகையில் இதன் அறம் கடினமானது.

1897இல் ஹெர்மன் ஜென்சன் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து வெளியிட்டார். வகுப்பது தேடுவோர்க்கு உதவும். ஆயினும் ஒரு தலைப்பின்கீழ் அடைபட்ட பழமொழி ஒரே பொருளில் உறைந்துவிடும் இடர் உண்டு. பழமொழியை அது பிறந்த நிலம், பயிர், உழைப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் படிப்பதே அதற்கு மாற்று. அப்படிப் படிக்கையில், நிறைவானது கைக்கு எட்டாத ஊரில் மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்பதற்கான சான்றாகவே இலுப்பைப் பூவின் பழமொழி நமக்குக் கிடைக்கிறது.