கேம்பிட்: தியாகமா, இடறலா?

சதுரங்கத்தில் 'கேம்பிட்' என்றால் தொடக்கத்திலேயே சிப்பாயைத் தியாகம் செய்வது என்கிறோம். சொல்லின் வேர் அப்படிச் சொல்லவில்லை. இத்தாலிய மொழியில் 'காம்பா' என்பது கால். 'காம்பெட்டோ' காலை இடறி வீழ்த்துவது. ஸ்பானியப் பாதிரியார் ருய் லோபஸ் 1561-இல் வெளியிட்ட நூலில் அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி பிஷருக்கு எதிராக ஆடிய கிங்ஸ் கேம்பிட்டைப் பாருங்கள்: எஃப்4 சிப்பாய் முன்வந்தது, கறுப்பின் சிப்பாயை மையத்திலிருந்து இழுக்கத்தான். பிஷர் அதை வெட்டினார். தோற்றார் (தோற்கடித்தது பிற்பாடு நேர்ந்த பிழை என்பது வேறு விஷயம்). கொடுப்பது கொடுப்பதுதானே, தியாகம் என்றால் என்ன குறை என்று கேட்கலாம். குயின்ஸ் கேம்பிட்டில் கொடுத்த சிப்பாய் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. அங்கே தியாகம் ஏது? எதிராளியின் கால் நகர்வதே இரண்டுக்கும் பொது. தமிழில் பெயர் வைப்பதானால் 'இடறல் தொடக்கம்' என்பதே பொருத்தம்.