நா.வா. நடத்திய பாடம்

எனக்குச் சொந்த ஊர் புதியம்புத்தூர். பருத்திக் காட்டில் களையெடுக்கும்போது எங்க ஆச்சி கட்டபொம்மு கதையைப் பாட்டாகவே பாடுவாள். பாஞ்சாலங்குறிச்சி பக்கந்தானே! "இதெல்லாம் சரித்திரமா ஆச்சி?" என்று கேலி செய்திருக்கிறேன்.

1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பாடம் சொல்லிப் பிழைத்த மனிதர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்தார். 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பிறகு 'ஆராய்ச்சி' இதழ். 1980-ல் காலமானார். களையெடுப்பவள் பாட்டும் சரித்திரச் சான்றுதான். இதுவே அவர் நமக்கு நடத்திய பாடம்.

அது எனக்கு உறைத்தபோது ஆச்சி இல்லை. நினைவில் நிற்பது நாலே வரி.

தம்பி, தங்கைகளே! உங்க வீட்டில் ஆச்சி இருக்கிறாளா? கையில்தான் செல்போன் இருக்கிறதே. இந்த லீவுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அது.